பசித்த வண்டு எதைத் தின்னும்?

களையை ஒழிக்க வெளிநாட்டிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவரலாம் என்று யாராவது பேச்சை எடுத்தால் உடனே எழும் கேள்வி ஒன்றுதான்: களை தீர்ந்த பிறகு அந்தப் பூச்சி எதைத் தின்னும்? உழவரும் கேட்பார், அமைச்சரும் கேட்பார். கேட்பதில் தவறும் இல்லை. செடியைத் தின்னும் பூச்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது பயிரைத் தின்னும் பூச்சிதான். பச்சைக் காய்ப்புழு பருத்தியிலிருந்து துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் தக்காளிக்கும் தாவிக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரே செடியை மட்டும் தின்று வாழும் பூச்சி என்பது வியாபாரப் பேச்சாகத்தான் தோன்றும். உண்மையில் அந்தக் காய்ப்புழுதான் விதிவிலக்கு. செடி தின்னும் பூச்சியினங்களில் மூன்றுக்கு மேற்பட்ட தாவரக் குடும்பங்களில் வாய் வைப்பவை பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மற்றவை ஒரு குடும்பத்துக்குள், பல சமயம் ஒரு பேரினத்துக்குள், சில சமயம் ஒரே இனத்தின் மேல் பிறந்து வளர்ந்து சாகின்றன. களையின் மேல் ஏவப்படும் பூச்சியால் ஆபத்து வருமானால் அது பூச்சியின் பசி வழியாக வருவதைவிட, அது தின்னும் செடியின் சொந்தபந்தங்கள் வழியாகவே வரும் என்பது என் வாதம். எந்தச் செடிக்கு எது சொந்தம் என்பதை முன்கூட்டியே அறியலாம் என்பதால், ஆபத்தையும் பெரும்பாலும் முன்கூட்டியே கணித்துவிடலாம்.

இதற்கான மிகப் பழைய சான்று, களை ஒழிப்பை நினைத்தே பார்க்காதவர்கள் தற்செயலாக நடத்திய பரிசோதனை. பதினெட்டாம் நூற்றாண்டில் கருஞ்சிவப்புச் சாயம் தரும் கோச்சினீல் பூச்சி ஸ்பெயினின் ஏகபோகம். மெக்சிகோவில் கள்ளியின் மேல் வளர்க்கப்பட்ட அதைச் சென்னையிலும் வளர்த்துக் காசு பார்க்கக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆசை. கம்பெனியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சனின் முயற்சியில் சைதாப்பேட்டையில் இதற்கென்றே ஒரு கள்ளித் தோட்டம் போடப்பட்டது. 1795-ல் கேப்டன் நீல்சன் ரியோ டி ஜெனிரோவிலிருந்து உயிருள்ள பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வந்து சேர்ந்தது மெக்சிகோவின் வளர்ப்புப் பூச்சி இல்லை. பின்னாளில் டாக்டிலோபியஸ் சிலோனிக்கஸ் என்று பெயர் பெற்ற காட்டுப் பூச்சி. சாயம் மட்டம், வியாபாரம் படுத்துவிட்டது. பூச்சி மட்டும் பிழைத்துக்கொண்டது. அது பரவிய இடமெல்லாம் ஒபன்ஷியா மோனகாந்தா என்ற கள்ளி வாடிச் சரிந்தது. இதைக் கவனித்தவர்கள் 1836-லிருந்து 1838-க்குள் பூச்சியைத் தென்னிந்தியாவுக்கு வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். 1863-65-ல் அது இலங்கைக்குப் போயிற்று. ஒரு களையை அடக்குவதற்காக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தெரிந்தே பூச்சி அனுப்பியதில் இதுவே முதல் நிகழ்ச்சி என்று பதிவாகியிருக்கிறது.

இந்தப் பூச்சி வாழும் விதம் நம் கேள்விக்கு மிகவும் பொருத்தமானது. பெண்பூச்சிக்குச் சிறகு கிடையாது. கள்ளி மடலில் ஊசி வாயைச் செருகி உட்கார்ந்துவிட்டால் பிறகு சாகும்வரை நகர்வதில்லை. உடம்பைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெண்மெழுகைச் சுரந்து மூடிக்கொள்ளும். மடலின் மேல் சுண்ணாம்பு தெறித்ததுபோல் தெரியும் அந்த வெள்ளைத் திட்டை விரலால் நசுக்கினால் சிவப்பாகச் சாறு வழியும். புதிதாகப் பொரித்த குஞ்சுகள்தான் ஊர் சுற்றுபவை, அதுவும் தம் விருப்பத்தில் இல்லை. காற்று தூக்கிப்போய்ப் போடும் இடத்தில் விழுகின்றன. அப்படியானால் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் குஞ்சுகள் நெல்லின் மேலும் பருத்தியின் மேலும் முருங்கையின் மேலும் பனையின் மேலும் கணக்கில்லாமல் விழுந்திருக்கின்றன. எதிலும் குடியேறவில்லை. இதைவிடக் கடுமையான சோதனையும் நடந்தது. மோனகாந்தாவின் நெருங்கிய சொந்தமான இன்னொரு கள்ளி, இன்றும் நாம் சப்பாத்திக்கள்ளி என்று சொல்லும் ஒபன்ஷியா டில்லெனி, அதே மாவட்டங்களில் காடாக மண்டிக் கிடந்தது. சிலோனிக்கஸ் அதை அடக்கவே இல்லை. தன் உணவுக் கள்ளி அருகி, அதன் பங்காளிக் கள்ளி சுற்றிலும் செழித்து நிற்க, இந்தப் பூச்சி எண்ணிக்கையில் சுருங்கியதே தவிர மாற்று உணவுக்குப் போகவில்லை. டில்லெனிக்கு வேறொரு பூச்சி தேவைப்பட்டது. டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்ற அந்தப் பூச்சி 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டு, ஐந்தாறு ஆண்டுகளில் தென்னிந்தியாவில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலத்தைக் கள்ளியிலிருந்து விடுவித்தது. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று பெருமையாகச் சொல்கிறோம்; பூச்சி விஷயத்தில் அது பெருமை கிடையாது, வெறும் உடற்கூறு.

உடற்கூறு என்றேன். செடி ஓடி ஒளிய முடியாது, ஆகவே நஞ்சால் தன்னைக் காத்துக்கொள்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி நஞ்சுத் தொகுதி. ஒரு நஞ்சை முறிக்கக் கற்றுக்கொண்ட பூச்சிக்கு, போட்டியில்லாத பந்தி கிடைத்துவிடுகிறது. காலப்போக்கில் அந்த நஞ்சின் மணமும் சுவையுமே அதற்கு உணவின் அடையாளமாகின்றன. அந்த அடையாளம் இல்லாத இலையை அது உணவாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே ஒரு பூச்சி புதிய செடிக்குப் போக வேண்டுமானால் பசி மட்டும் போதாது. தூரத்திலிருந்து மணத்தால் அடையாளம் காண வேண்டும், வந்து அமர வேண்டும், கடித்துப் பார்த்து ஏற்க வேண்டும், முட்டையிட வேண்டும், பொரித்த புழு அந்தச் செடியின் நஞ்சைத் தாங்கி வளர்ந்து மறுபடி முட்டையிடும் வண்டாக வேண்டும். இத்தனை பூட்டுகளில் சிலவாவது முன்பே திறந்திருப்பது நெருங்கிய சொந்தச் செடியில் மட்டும்தான். இதனால்தான் ஒரு பூச்சியை விடுவிக்கும் முன் நடத்தப்படும் சோதனை, களையின் பங்காளிச் செடிகளில் தொடங்கித் தூரத்து உறவுகளை நோக்கி விரிகிறது.

இந்த வாதத்தை இந்தியாவில் கடுமையாக உரசிப் பார்த்தது பார்த்தீனியம் வண்டு. பார்த்தீனியம் மெக்சிகோவையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் சேர்ந்த செடி. புனேயில் 1955-ல் கண்ணில் பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது. அமெரிக்காவின் பி.எல். 480 கோதுமையோடு வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த ஒப்பந்தம் கையெழுத்தானதே 1956 ஆகஸ்டில்தான் என்பதை யாரும் கவனிப்பதில்லை. வந்த வழி எதுவானாலும், தோலில் அரிப்பு, மூச்சிரைப்பு, தரிசிலும் சாலையோரத்திலும் வேறெதையும் வளரவிடாத அடர்த்தி என்று அதன் தொல்லை எல்லோருக்கும் தெரிந்தது. சைகோகிரம்மா பைகலரேட்டா என்ற சிறு வண்டு மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டு, சோதனைகளுக்குப் பின் 1984-ல் விடுவிக்கப்பட்டது. ஆறு மில்லிமீட்டர் நீளம், வெளிறிய முதுகில் நெளிநெளியான பழுப்புக் கோடுகள். முட்டைகளை இலையின் அடிப்பக்கத்தில் இடும். பொரித்த புழுக்கள் முதலில் போவது குருத்துக்கும் கணுவில் விடும் மொட்டுக்கும். இளஞ்செடியில் குருத்து போய்விட்டால் பூ ஏது? வளர்ந்த புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, முட்டையிட்டதிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளிவரும். பெங்களூரைச் சுற்றிச் சில ஆண்டுகளிலேயே பார்த்தீனியம் மொட்டையாக நிற்கும் காட்சி சகஜமானது.

1991-ல் அதே வண்டு கர்நாடகத்தில் சூரியகாந்தி இலையைத் தின்பதாகச் செய்தி வந்தது. எண்ணெய் வித்துகளைப் பெருக்க மத்திய அரசு 1986-ல் தனித் திட்டமே தொடங்கி, சூரியகாந்திப் பரப்பு விரிந்துகொண்டிருந்த காலம் அது. பதற்றத்தைக் குறைசொல்ல முடியாது. வண்டை மேலும் விடுவது நிறுத்தப்பட்டது. ஆராயக் குழு அமைக்கப்பட்டது. என் வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதிலேயே வலுவானது இதுதான். அதை நான் மழுப்பப் போவதில்லை. சூரியகாந்தியும் பார்த்தீனியமும் ஒரே குடும்பம் மட்டுமல்ல, அந்தக் குடும்பத்துக்குள்ளும் ஒரே கிளை. சொந்தத்தின் வழியாகத்தான் ஆபத்து வரும் என்றால், முதலில் வர வேண்டிய இடம் சரியாகச் சூரியகாந்திதான். களை தீர்ந்ததும் வண்டு பயிருக்கு வந்துவிட்டது என்று சொன்னவர்கள் ஏதோ கற்பனையைச் சொல்லவில்லை. ஆனால் எங்கே தின்றது, எப்போது தின்றது என்று பார்க்கத் தொடங்கியதும் விஷயம் வேறு முகம் காட்டியது. வண்டு இருந்தது பார்த்தீனியக் காட்டை ஒட்டிய வயல்களில். அந்தக் காடு இலையுதிர்ந்து குச்சியாகி, வண்டுகள் லட்சக்கணக்கில் பெருகியிருந்த வேளையில். உள்வயல்களுக்கு அது பரவவில்லை. சூரியகாந்தியில் தலைமுறை தலைமுறையாகப் பெருகவும் இல்லை.

காரணம் இலையின் மேல் படிந்திருந்த தூளில் இருந்தது. பார்த்தீனியத்தின் மகரந்தம் கொத்துக்கொத்தாக உதிர்ந்து பக்கத்துச் செடிகளின் இலைமேல் படியும். இது பெங்களூரில் புதிய செய்தியும் அல்ல. அந்த மகரந்தம் படிந்தால் தக்காளி, கத்தரி போன்ற செடிகளில் காய்ப்பு குறைகிறது என்று காஞ்சன், ஜெயச்சந்திரா என்ற ஆய்வாளர்கள் 1980 வாக்கிலேயே காட்டியிருந்தார்கள். வண்டை அறிமுகப்படுத்திய கே. பி. ஜெயந்தும் உடன் பணியாற்றியவர்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டையும் இணைத்தது. பார்த்தீனிய மகரந்தம் தூவிய சூரியகாந்தி இலையை வண்டு தின்றது. மகரந்தம் இல்லாத இலை அதன் பசியைத் தூண்டவில்லை. அதாவது வண்டின் நாக்கில் பட்டது பார்த்தீனியத்தின் அடையாளம். அடியில் இருந்தது யாருடைய இலை என்பது இரண்டாம் பட்சம். தடை அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் விலகியது. இன்று வண்டு நாட்டின் பெரும்பகுதியில் இருக்கிறது. சூரியகாந்தி விவசாயியிடம் பூச்சித் தொல்லை என்னவென்று கேட்டால் பூத்தட்டைத் துளைக்கும் காய்ப்புழுவைச் சொல்வார், புகையிலை வெட்டுப்புழுவைச் சொல்வார், தத்துப்பூச்சியைச் சொல்வார். பார்த்தீனியம் வண்டு அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியானால் உணவு தீர்ந்ததும் அது என்னதான் செய்கிறது? மண்ணுக்குள் இறங்கித் தூங்குகிறது. மாதக்கணக்கில் எதுவும் தின்னாமல் கிடந்து, மழை விழுந்து பார்த்தீனியம் முளைக்கும்போது மேலே வருகிறது. களை வற்றும் காலங்களை அதன் சொந்த ஊரே அதற்குப் பழக்கியிருக்கிறது.

சரி, எல்லாப் பூச்சியும் இப்படி நல்ல பெயர் வாங்கியதா? இல்லை. ஐரோப்பாவிலிருந்து 1960களின் இறுதியில் வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட ரைனோசில்லஸ் என்ற கூன்வண்டு, அந்நியத் திசில் முட்செடிகளை அடக்க வந்தது. வந்த இடத்தில் அமெரிக்காவின் சொந்தத் திசில்களின் பூந்தலைகளையும் தின்று விதையைக் குறைத்தது. சப்பாத்திக்கள்ளியை ஆஸ்திரேலியாவில் துடைத்தெறிந்த காக்டோபிளாஸ்டிஸ் அந்துப்பூச்சி, 1957-ல் கரீபியத் தீவான நெவிசில் விடப்பட்டு, 1989-ல் புளோரிடாவில் தலைகாட்டி, அங்குள்ள அரிய கள்ளிகளை அச்சுறுத்தத் தொடங்கியது. திருநெல்வேலிச் சீமைக்கு உபகாரம் செய்த அதே ஒபன்ஷியே பூச்சி, 2014-ல் மொராக்கோவில் நுழைந்து கள்ளிப்பழத் தோட்டங்களை நாசமாக்கியது. எதிர்ப்பவர்கள் இவற்றை அடுக்கும்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று: இவற்றில் எது சொந்தபந்தத்தைத் தாண்டியது? திசில் வண்டு திசிலைத்தான் தின்றது. கள்ளி அந்து கள்ளியைத்தான் தின்றது. பக்கத்தில் நின்ற ஆரஞ்சு மரத்தைத் தொடவில்லை. திசில் வண்டு மற்றத் திசில்களிலும் வளரும் என்று ஐரோப்பியச் சோதனைகளே காட்டியிருந்தன. அன்று முடிவெடுத்தவர்கள் காட்டுத் திசிலை மதிப்புள்ள செடியாகக் கருதவில்லை, அவ்வளவுதான். கணிப்பு சரியாகவே இருந்தது. எதை இழக்கலாம் என்ற மனிதக் கணக்குதான் பிசகியது. 2014-ல் வெளியான ஒரு மதிப்பீடு, உலகெங்கும் களைகளுக்கெதிராக விடப்பட்ட 512 உயிர்களை எடுத்துப் பார்த்து, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்டவை வேறு செடிகளுக்குக் குறிப்பிடத்தக்க கேடு எதுவும் செய்ததாகத் தெரியவில்லை என்றது. மிச்சமுள்ள அந்தச் சொற்பத்தில்தான் திசிலும் கள்ளியும் வருகின்றன.

சோதனைக்கூடம் நம்பத்தகுந்ததா என்ற சந்தேகமும் உண்டு. அது தவறுவதுண்டு, ஆனால் பெரும்பாலும் அளவுக்கு மீறிய பயத்தின் பக்கமாகத் தவறுகிறது. கூண்டில் அடைத்த பூச்சிக்கு மணம் பிடித்துத் தேடும் கட்டமே இல்லை. வாயருகே இருப்பதைக் கடித்துப் பார்க்கும். உன்னிச்செடியை அடக்க 1941-ல் தருவிக்கப்பட்ட டெலியோனீமியா என்ற பூச்சி டேராடூன் கூண்டில் தேக்குப் பூமொட்டைத் தின்றது, பயந்துபோய் அத்தனையையும் அழிக்கச் சொன்னார்கள், சில தப்பிவிட்டன. தப்பியவற்றின் சந்ததி இன்று நாடெங்கும் உன்னிச்செடியில் இருக்கிறது, தேக்குக் காடுகள் நலமாகவே இருக்கின்றன. பூச்சி பின்னாளில் பரிணமித்து மாறிவிட்டால் என்று கேட்டால், முடியாது என்று சத்தியம் செய்ய மாட்டேன். சிலோனிக்கஸ் இரண்டு நூற்றாண்டுகளாக மாறவில்லை என்பதும், மாற்றம் நேர்ந்தாலும் முதல் படி நெருங்கிய சொந்தத்தில்தான் வைக்கப்படும் என்பதும் மட்டும் சொல்லலாம். விட்டதைத் திரும்பப் பிடிக்க முடியாது என்ற வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். விடும் முன் கண்டிப்பாக இருக்க வேண்டியதற்கு அதுதான் காரணம். அந்தக் கண்டிப்புக்கு உதாரணமும் உண்டு. பார்த்தீனியத் தண்டில் முண்டு உண்டாக்கும் எபிபிளீமா என்ற அந்துப்பூச்சி ஆஸ்திரேலியாவில் 1982-ல் விடப்பட்டு நல்ல பலன் தந்தது. அதையே 1985-ல் இந்தியாவுக்கு வரவழைத்துச் சோதித்தபோது பேயெள்ளில் வளர்ந்தது. பேயெள் இங்கே எண்ணெய் வித்துப் பயிர். இருந்த பூச்சியையெல்லாம் அழித்துவிட்டார்கள். ஒரே பூச்சிக்கு இரண்டு நாடுகளில் இரண்டு தீர்ப்பு, இரண்டுமே சரி.

எனக்கு உண்மையில் கவலை தருவது ஆபத்து பற்றிய கேள்வி அல்ல, பலன் பற்றியது. பார்த்தீனியம் வண்டு இலை தின்னும், விதையைத் தொடாது. ஒரு செடி பல்லாயிரம் விதை போடும். மண்ணில் புதைந்தவை ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஈரம் கிடைத்தால் எந்த மாதத்திலும் முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும். வண்டோ பருவம் பார்ப்பது; தென்மேற்கு மழையோடு எழுந்து, ஆண்டுக் கடைசியில் பெரும்பாலும் மண்ணுக்குள் போய்விடுகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பார்த்தீனியம் செழிப்பதும் வண்டு உறங்கப்போவதும் ஒரே சமயத்தில் நேர்ந்தால் வியப்பில்லை. ஒரு சாலையோரம் மொட்டையாக நிற்க, அடுத்த வயல் வரப்பில் அது பூத்துக் குலுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆஸ்திரேலியா இதை ஒரே வண்டை நம்பித் தீர்க்க முயலவில்லை: இலைக்கு இந்த வண்டு, தண்டுக்கு அந்துப்பூச்சி, விதைக்கு ஸ்மைக்ரோனிக்ஸ் என்ற சிறு கூன்வண்டு, கூடவே துரு நோய்ப் பூஞ்சைகள். விதையைத் தின்று வளரும் இந்தக் கூன்வண்டு நம் நிலத்துக்கும் பொருந்தக்கூடியது என்று நினைக்கிறேன். அதைச் சோதிக்கும் நாள் வரும்போது கூண்டுக்குள் சூரியகாந்தியும் பேயெள்ளும் தானாக இடம்பிடிக்கும். அவற்றுக்காகப் பேச ஆள் இருக்கிறது. திசில் வண்டின் கதை தெரிந்தவர்கள் வயல் வரப்பில் தானாக முளைக்கும் கரிசலாங்கண்ணியையும் அதே வரிசையில் வைக்கச் சொல்ல வேண்டும். பார்த்தீனியத்துக்கு அதுவும் நெருங்கிய சொந்தம்தான்.